இ.பா. 41

இரணைப்பாலைக் கச்சான் தோட்டத்தில்
நாற்பது மண்புழு.
ஈர மண்ணோடு ஐஸ்கிறீம் டப்பாவில்,
மூடியில் ஊசியால் குத்திய ஓட்டைகள்.
பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன்.
மீன்பிடிக்கவோ என்றார் பக்கத்திலிருந்தவர்.
ஓம் என்றேன்.
பரந்தன் வருவதற்குள் விளக்கி முடிக்க முடியாது.

அக்கராயன் வயல்வரம்புப் புழுக்கள் நாற்பதும்
முதல்நாளே வந்து
அறிவியல்நகர் ஆய்வுகூட மூலையில்
வாழைச்சருகு தின்றுகொண்டிருந்தன.

ஒன்பது வோல்ட் பற்றரி. ஒரு சின்ன அதிர்ச்சி.
புழு முதுகுத் துளைகளால்
மஞ்சளாய்க் கொஞ்சம் நீர் சிந்தும்.
சாகாது. கோபிக்கும், அவ்வளவுதான்.
அந்த நீரில் மிதக்கும் கலங்களைக்
கூழில் புதைத்து, தோலைக் கரைத்து,
கருவை மட்டும் விட்டு
இருட்டில் மின்சாரம் பாய்ச்சவேண்டும், இருபது நிமிடம்.
அறாத மரபிழை அசையாது. வட்டமாய்க் கிடக்கும்.
அறுந்தது ஓடும்:
அறுந்த நுனிகளெல்லாம் நேர்முனைக்கு இழுபட
ஒரு வால் முளைக்கும்.
வால்வெள்ளிச் சோதனை என்று பெயர்.

பதினோராவது நிமிடம் கரண்ட் போனது.

முதலில் இருந்து எல்லாம்.
திரும்பவும் பற்றரி, திரும்பவும் கோபம்,
புழுக்களிடம் மன்னிப்புக் கேட்கும் அளவுக்கு
களைத்திருந்தேன்.

இரு ஊர்ப் புழுவுக்கும் ஒரே அளவு கட்மியம் கொடுத்திருந்தேன்.
அக்கராயன், சுத்த மண்ணில் வளர்ந்தது:
கண்ணாடித் தகடு முழுக்க வால்கள்.
இரணைப்பாலை,
ஈயமும் செம்பும் துருவும் பேர்தெரியாததும்
எத்தனையோ தலைமுறையாய்த் தின்றது:
வட்டம். வட்டம். வட்டம். குட்டையாய் ஒரு வால்.
மீண்டும் வட்டம்.
தகடுகளை மாறிக் குறித்துவிட்டேனோ என்று
இரண்டு தரம் எழும்பிப் பார்த்தேன்.

ஒரு புரதம் இருக்கிறது, மிகச் சின்னது.
உலோகம் வரும்வரை அதற்கு உருவமில்லை,
அவிழ்த்துப்போட்ட நூல்போலக் கிடக்கும்.
வந்த உலோகமே
இன்னும் கொஞ்சம் செய் என்று கட்டளையிடும்.
கந்தக விரல்கள் அதற்கு.
வழமையில் அவற்றில் நாகம் இருக்கும்,
கடிக்காத நாகம், உடம்புக்கு வேண்டிய நாகம்.
கட்மியம் வந்ததும் நாகத்தை மெல்ல இறக்கிவிட்டு
அதை இறுக்கும். இறுக்கும்போதுதான்
அதற்கே ஒரு வடிவம் வருகிறது.
மரபிழையை அறுக்கப் பறக்கும் ஒட்சிசன் பொறிகளையும்
தன் விரலைச் சுட்டு அணைக்கும்.
கரைப்பதில்லை. காணாமல் ஆக்குவதில்லை.
பிடித்தபடி இருக்கிறது.

முடிவு சொல்லத் தோட்டத்துக்குப் போனேன்.
தவசீலன் மண்வெட்டியை வரம்பில் குத்திவிட்டு,
"அப்ப என்ர மண் நல்லமெண்டுறியள்."
இல்லை, புழு நல்லம் என்றேன்.
புழு செத்தால் அது பிடித்ததெல்லாம் மண்ணுக்கு.
செண்பகம் கொத்தினால் செண்பகத்துக்கு.

கொஞ்சநேரம் பேசவில்லை.
பிறகு சாரத்தை முழங்காலுக்கு மேல் இழுத்து,
"இஞ்ச ஒண்டு கிடக்கு.
எடுத்தா நரம்பு போகுமெண்டு டொக்டர் விட்டிட்டார்.
அந்தச் சாமான் எனக்கும் இருக்கோ?"
ஓம். ஈரலில். சிறுநீரகத்தில்.
"புழுவுக்கு இருக்கிற அளவோ?"
அளக்கவில்லை என்றேன்.
"நல்ல காலம், உந்தப் பற்றரி எனக்கு வேண்டாம்"
என்று சிரித்தார்.

கச்சான் மண்ணிலிருந்து கட்மியத்தை உறிஞ்சும் என்று
வாசித்திருக்கிறேன்.
அவருக்கு இன்னும் சொல்லவில்லை.
கையில் எண் இல்லாமல்
ஒருவரின் விளைச்சலைப் பற்றி வாய்திறக்கக்கூடாது.
இப்படித்தான் எனக்கு நானே சொன்னேன்.

வெளிக்கிடும்போது
அவித்த கச்சான் ஒரு சொப்பிங் பை தந்தார்.
டப்பா இருந்த அதே மடியில் அந்தச் சூடு.
சுதந்திரபுரம் தாண்டப் பசித்தது.
பாதியைத் தின்றேன். உப்பு அளவாய் இருந்தது.
மீதியை முடிச்சுப்போட்டுப் பேனையால் எழுதினேன்:
இ.பா. 41.